தறிவீட்டுப் பிள்ளைக்கு முதல் கேமரா

கேமரா வாங்கக் கிளம்பும் முன் வீட்டிலேயே ஒரு வேலை இருக்கிறது. முற்பகலில், தறி நிற்கும் அறையில், குழந்தை வழக்கமாக நின்று வேடிக்கை பார்க்கும் மூலையில் போய் உட்காருங்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நம் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தின் பழைய ஓட்டு வீடுகளில் திறந்த வாசல் வழியாகக் கொஞ்சம் வரும். ஓடுகளுக்கு நடுவே பதித்த கண்ணாடி வழியாகக் கொஞ்சம் வரும். மீதியைத் தறிக்கு மேலே தொங்கும் டியூப்லைட் தரும். நெய்கிறவரின் கண்ணுக்கு இது போதும். கேமராவுக்குப் போதுமா? எந்தக் கேமராவை வாங்குவது என்பதில் பாதியை இந்தக் கேள்வியே முடிவு செய்துவிடும்.

உச்சி வெயிலில் வெட்டவெளியில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். விளக்கு எரியும் சாதாரண வீட்டு அறையில் நூறு, இருநூறு லக்ஸ்தான் தேறும். இத்தனை பெரிய வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. வாசலிலிருந்து உள்ளே வந்த சில நொடிகளில் கண் பழகிவிடுகிறது. கேமராவுக்கு அப்படிப் பழகத் தெரியாது. வெளிச்சம் குறைந்தால் அது ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். அதற்குள் பிள்ளையின் கை அசைந்து படம் இழுபட்டுவிடும். இல்லையென்றால் கிடைத்த கொஞ்ச வெளிச்சத்தையே மின்னணு முறையில் பெருக்கிக் காட்டும். அப்போது படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும். மலிவான கேமராவில் இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

நம் ஊர்ப் பிள்ளை எதைப் படமெடுக்க ஆசைப்படும் என்பதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். ஆயா ராட்டையில் தார் சுற்றுவது, மிதியின் மேல் அப்பாவின் பாதம், ஜரிகைக் கண்டு, தறிக்கடியில் தூங்கும் பூனை, ஜக்கார்டு பெட்டியிலிருந்து இறங்கும் அட்டைகள். எல்லாம் வீட்டுக்குள், அரைவெளிச்சத்தில் இருப்பவை. கடற்கரைக்கும் பூங்காவுக்கும் கேமரா வாங்கும் ஊர்களுக்கு எழுதப்படும் ஆலோசனைகள் நமக்கு முழுதாகப் பொருந்தாததற்கு இதுதான் காரணம்.

இந்த அத்தியாயம் நான்கு வயதிலிருந்து ஒன்பது வயதுவரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழையதானாலும் உண்மையான சிறு டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கிக் கொடுங்கள். புத்தம் புதிய பொம்மைக் கேமரா வேண்டாம்.

பொம்மைக் கேமரா ஏன் வேண்டாம்

முயல் காதும் பூனை முகமும் வைத்த ரப்பர் உறைக்குள் இருக்கும் கேமராக்கள் இணையக் கடைகளில் ஆயிரத்து ஐந்நூறிலிருந்து மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. பெட்டியின் மேல் 40 மெகாபிக்சல், 48 மெகாபிக்சல் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். இவற்றில் பலவற்றின் உள்ளே இருப்பது ஒன்றிரண்டு மெகாபிக்சல் சென்சார்தான். மிச்சத்தை மென்பொருள் ஊதிப் பெருக்கிக் காட்டுகிறது. எண் குறைவாக இருப்பது பெரிய குறையே இல்லை. ஸ்டூடியோவில் நாம் போடும் நாலுக்கு ஆறு அங்குலப் பிரிண்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், 1200க்கு 1800 புள்ளி போதும். அது 2.2 மெகாபிக்சலுக்குள் அடங்கிவிடும். உண்மையான இரண்டு மெகாபிக்சல் நல்ல படம் தரும்.

குறை சென்சாரின் அளவிலும் லென்சிலும் இருக்கிறது. சாதாரணச் சிறு கேமராவின் சென்சார் ஆறு மில்லிமீட்டர் அகலம் இருக்கும். பொம்மைக் கேமராவில் இருப்பது அதைவிட மிகச் சிறியது. அதன் லென்ஸ் ஒரே தூரத்துக்கு நிலையாக வைக்கப்பட்டது, கிட்டே உள்ள பொருளுக்கு ஃபோகஸ் ஆகாது. பிள்ளைகளோ எதையும் மூக்குக்கு அருகில் வைத்துப் பார்ப்பவர்கள். ஜரிகையை ஒரு சாண் தூரத்தில் எடுப்பார்கள், வெறும் மஞ்சள் மங்கல்தான் வரும். மொட்டைமாடியில் நன்றாக எடுத்த கேமரா தறியடியில் ஒன்றுக்கும் உதவாது.

இதில் எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. கேமரா மட்டம் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. ‘எனக்குப் படம் எடுக்க வரலை’ என்றுதான் அது நினைத்துக்கொள்ளும். அந்த நினைப்பு வந்துவிட்டால் கேமரா அலமாரிக்குப் போய்விடும். போதாக்குறைக்கு இவற்றில் ஐந்தாறு விளையாட்டுகளையும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். கொஞ்ச நாளில் அது விளையாட்டுப் பெட்டியாகிவிடும்.

அழுத்தியவுடன் சீட்டுப்போல் படம் அச்சிட்டுத் தரும் பொம்மைக் கேமராவும் இப்போது பரவலாகக் கிடைக்கிறது. கடை பில்லும் பேருந்தில் இயந்திரம் தரும் டிக்கெட்டும் எந்தத் தாளோ அதே வெப்பத்தாள்தான் இதிலும். நம் ஊர் வெயிலுக்கு அது சீக்கிரம் வெளுத்துவிடும். பிள்ளை ஆசையாக எடுத்த ஆயாவின் முகம் அடுத்த வருஷம் இருக்காது. சில வகை வெப்பத்தாளில் பிஸ்பீனால் வகை வேதிப்பொருள் இருப்பதால், எதையும் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்கு இது வேண்டவே வேண்டாம்.

இன்ஸ்டாக்ஸ் மினி வேறு ரகம். அது உண்மையான புகைப்படத் தாள், படம் 62க்கு 46 மில்லிமீட்டர், நிறம் நிற்கும். ஒரு பெட்டிக்குப் பத்துத் தாள். ஒரு படத்துக்கு ஐம்பது ரூபாய்க்குக் குறையாது. பத்துப் படத்தைப் பிள்ளை ஐந்தே நிமிடத்தில் எடுத்து முடித்துவிடும். பிறகு ‘வீணாக்காதே’ என்று நீங்கள் அதட்ட ஆரம்பிப்பீர்கள். முதல் கேமராவோடு அதட்டல் சேர்ந்து வரக் கூடாது. கொஞ்சம் வளர்ந்த பிறகு, பொறுமையாக நின்று படமெடுக்க இடம்கொடுத்த பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு உடனே ஒரு படம் கையில் கொடுக்க அது நல்ல வழி.

பழைய செல்போனைக் கொடுக்கலாமே என்று பலர் கேட்பார்கள். படத்தின் தரம் என்று பார்த்தால் நாலைந்து வருஷப் பழைய போன்கூடப் பொம்மைக் கேமராவைத் தோற்கடிக்கும். செலவும் இல்லை. கொடுப்பதானால் சிம்மைக் கழற்றி, எல்லாவற்றையும் அழித்து, எந்தக் கணக்கையும் சேர்க்காமல், வைஃபையை அணைத்துக் கொடுங்கள். ஆனாலும் நான் இதை இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். போன் என்றால் வீடியோ பார்ப்பது என்று பிள்ளை ஏற்கெனவே படித்து வைத்திருக்கிறது. கோயில் விஷயமும் உண்டு. தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. நம் ஊரில் வீட்டுக்கு அடுத்தபடியாகப் பிள்ளை அதிகம் போகும் இடம் கோயில்தான்.

பழைய கேமராவைப் பார்த்து வாங்குவது

பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் கல்யாண வீட்டுக்கு எல்லோரும் கொண்டுவந்த சிறு கேமராக்கள் ஞாபகம் இருக்கும். கேனன் பவர்ஷாட், நிக்கான் கூல்பிக்ஸ், சோனி சைபர்ஷாட். உங்கள் உறவினர் யாராவது ஒருவர் வீட்டுப் பீரோவில் இப்போதும் ஒன்று கிடக்கும். முதலில் அங்கே விசாரியுங்கள். இல்லையென்றால் சென்னை ரிச்சி தெரு வட்டாரத்தில் தேடலாம். கல்லூரிப் பிள்ளைகளிடையே பழைய டிஜிட்டல் கேமரா மோகம் வந்ததிலிருந்து இவற்றின் விலை ஏறியிருக்கிறது. அழகான மெல்லிய மாடலுக்குத்தான் கிராக்கி. நமக்கு வேண்டியது தடித்த, அழகில்லாத மாடல். பிள்ளையின் கைக்கும் அதுதான் பிடிமானம்.

நான் தேடச் சொல்வது ஏஏ செல்லில் ஓடும் கேமராவை, அதாவது சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் அளவுள்ள செல். கேனன் பவர்ஷாட் ஏ வரிசையிலும் நிக்கான் கூல்பிக்ஸ் எல் வரிசையிலும் இப்படிப்பட்டவை நிறைய உண்டு. பழைய லித்தியம் பேட்டரிக்கு இன்று மாற்று கிடைப்பது சிரமம், கிடைத்தாலும் போலியாக இருக்கும். ஏஏ செல் தெருமுனைக் கடையில் கிடைக்கும். ஆனால் ரிமோட்டுக்கும் கடிகாரத்துக்கும் போடும் மலிவு செல்லைப் போட்டால் சில நிமிடத்தில் கேமரா அணைந்துவிடும். கேமரா கெட்டுவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அல்கலைன் செல் போடுங்கள். இன்னும் நல்லது, ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் நான்கும் ஒரு சார்ஜரும் வாங்கிவிடுவது. சார்ஜரை மட்டும் பெரியவர்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பவர்ஷாட் ஏ1200, ஏ1400 போன்ற சிலவற்றில் கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு துவாரமும் உண்டு. ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாத சின்னப் பிள்ளைக்குத் திரைதான் வசதி. ஏழெட்டு வயதில் அந்தத் துவாரம் பிடித்துப்போகும். முகத்தோடு ஒட்டிப் பிடிப்பதால் கேமராவும் ஆடாது.

வாங்கப் போகும்போது உங்கள் கையிலேயே நாலு அல்கலைன் செல்லும் ஒரு மெமரி கார்டும் எடுத்துப் போங்கள். கார்டு விஷயத்தில் கவனம் வேண்டும். 32 ஜிபிக்கு உட்பட்ட எஸ்டி கார்டு போதும். எஸ்டிஎச்சி கார்டு 2006இல் தான் வந்தது. அதற்கு முந்தைய கேமராக்கள் 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி மாடல்களில் எக்ஸ்டி கார்டும், பழைய சோனியில் மெமரி ஸ்டிக்கும் கேட்கும். அவை இன்று கிடைப்பது அரிது, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேமராவை ஆன் செய்து லென்ஸ் வெளியே வரும் சத்தத்தைக் கேளுங்கள். மணல் அரைபடும் சத்தம் வந்தால் அது சீக்கிரமே சிக்கிக்கொள்ளும். ஐந்தாறு முறை ஆன், ஆஃப் செய்து பாருங்கள். வெள்ளைச் சுவரைப் படமெடுத்துத் திரையில் பெரிதாக்கினால் உள்ளே புகுந்த தூசியும் பூஞ்சையும் சாம்பல் நிறத் திட்டாகத் தெரிந்துவிடும். செல் போடும் கதவின் கொக்கி இந்த வகைக் கேமராக்களில் உடையும் முதல் இடம், திறந்து மூடிப் பாருங்கள். திரையிலோ படத்திலோ ஊதா நிறக் கோடு விழுந்தால் சென்சாரின் ஆயுசு முடியப்போகிறது என்று அர்த்தம். பிறகு கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கடையின் இருட்டான மூலை ஒன்றில், ஃபிளாஷ் இல்லாமல் உங்கள் கையையே எடுத்துப் பாருங்கள். ரேகை தெரிந்தால் உங்கள் தறிவீட்டுக்கு அது போதும்.

பூ அடையாளம் போட்ட மேக்ரோ பொத்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால் சில சென்டிமீட்டர் தூரத்தில் உள்ள பொருளும் தெளிவாக வரும். ஒரு தறிவீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பரிசு கேமராவில் வேறில்லை. ஊடையும் பாவும் பின்னிக்கொள்ளும் இடத்தையும் முந்தி தொடங்கும் இடத்தையும் அது அப்போதுதான் பார்க்கும்.

எதையும் கீழே போடும் பிள்ளை என்றால் நிக்கான் கூல்பிக்ஸ் டபிள்யூ150 கிடைக்குமா என்று தேடலாம். 2019இல் வந்தது. 1.8 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும், பத்து மீட்டர் ஆழத் தண்ணீரில் போட்டாலும் தாங்கும்படி செய்தது. புதியதுதான் வேண்டும் என்றால் கோடாக் பிக்ஸ்புரோ எஃப்இசட்45 ஏஏ செல்லில் ஓடுகிறது. ஆனால் விலை அதிகம், முதல் கேமராவுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

கையும் உயரமும்

கழுத்தில் மாட்டும் வாரைக் கழற்றிவிட்டு மணிக்கட்டில் மாட்டும் சிறு வார் போடுங்கள். இது எந்த ஊருக்கும் பொதுவான எச்சரிக்கை. நம் வீடுகளில் மோட்டார் வைத்த ராட்டையும் சுற்றும் இயந்திரங்களும் இருப்பதால் இரட்டை எச்சரிக்கை. ஓடுகிற எதற்கும் அருகே தொங்கும் வாரோடு பிள்ளை போகவே கூடாது. தறிக்குழியின் விளிம்பில் நின்று திரையைப் பார்த்தபடி பின்னால் நகரக் கூடாது என்பதையும் முதல் நாளே பழக்குங்கள். மெமரி கார்டை மாற்றுவது பெரியவர்கள் வேலை. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கார்டும் செல்லும் தரையில் கிடக்க விடாதீர்கள்.

பிள்ளைக்கு ஆரம்பத்தில் மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: எப்படி ஆன் செய்வது, பொத்தானைப் பாதி அழுத்திக் காத்திருந்து பிறகு முழுதும் அழுத்துவது, எடுத்ததை எப்படிப் பார்ப்பது. ஃபிளாஷை நீங்களே அணைத்து வைத்துவிடுங்கள். ஜரிகையில் ஃபிளாஷ் பட்டால் படத்தில் வெள்ளைத் தழும்புதான் மிஞ்சும். இழை எண்ணிக்கொண்டிருப்பவரின் கண்ணிலும் அது பளீரென்று அடிக்கும், கணக்குத் தவறும். அரக்குப் புடவையை எடுக்கும்போது கேமரா இருட்டை ஈடுகட்டப் படம் முழுவதையும் வெளுக்க வைக்கும். அப்போது ஜரிகை எரிந்துபோகும். கூட்டல் கழித்தல் குறி போட்ட அமைப்பில் அரைப்படி கழித்தல் பக்கம் நகர்த்தி வைத்தால் அரக்கு அரக்காக வரும்.

மற்ற எந்த ஊர்ப் பிள்ளைக்கும் கிடைக்காத ஒரு வசதி நம் பிள்ளைக்கு உண்டு. குழித்தறியில் நெய்கிறவர் குழிக்குள் காலை விட்டுத் தரைமட்டத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் கண் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். வெளியூரிலிருந்து வந்து படமெடுக்கும் பெரியவர்கள் எல்லோரும் மேலிருந்து கீழே பார்த்து எடுக்கிறார்கள். குனிந்த தலையும் வளைந்த முதுகும்தான் அதில் வரும், பத்திரிகைகளில் வந்த எத்தனையோ காஞ்சிபுரப் படங்களில் நாம் பார்த்தது அதைத்தான். நாலைந்து வயதுப் பிள்ளை அங்கே நின்றால் அதன் கண் அப்பாவின் முகத்துக்கு ஏறக்குறைய நேராக இருக்கும். நாடா ஓடும்போது அப்பா எங்கே பார்க்கிறார், இழை அறுந்தால் முகம் எப்படி மாறுகிறது என்பது அந்த உயரத்திலிருந்துதான் தெரியும். ‘மேல நின்னு எடு’, ‘தள்ளி நில்லு’ என்று திருத்தாதீர்கள்.

கோர்வை நெசவில் கரைக்குத் தனி நாடா. தறியின் மறுபக்கம் உட்கார்ந்து அதை வாங்கித் தர ஓர் ஆள் வேண்டும். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி அந்த இடத்தில் உட்கார வைக்கப்பட்டவர்கள் பிள்ளைகள்தான். அப்படி உட்கார்ந்தவர்கள் இன்றும் நம் தெருக்களில் தாத்தா பாட்டியாக இருக்கிறார்கள். அதே இடத்தில் இன்று ஒரு பிள்ளை கேமராவோடு நிற்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆகவே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புடவைப் படத்தை வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டு விற்கும் காலம் இது. ‘உன் கேமராவால இந்தப் பத்துப் புடவையும் எடுத்துக் கொடு’ என்று ஆரம்பித்துவிடாதீர்கள். வியாபாரத்துக்கு உங்கள் போன் இருக்கிறது. இது பிள்ளையுடைய பொருள்.

எங்கே அழைத்துப் போவது

வீட்டுக்கு அடுத்தபடியாகத் தெரு. விடிகாலையில் தெருவில் பாவை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுச் சிக்கெடுப்பது இப்போது குறைந்துவிட்டாலும் சில தெருக்களில் இன்றும் பார்க்கலாம். சாய்ந்த வெயில், நிறம் நிறமான நூல், இரு பக்கமும் ஆட்கள். எந்தக் கேமராவிலும் நன்றாக வரும் காட்சி இது. நூலைத் தொடாமல், நடுவில் குறுக்கே போகாமல் எடுக்கப் பழக்குங்கள். ‘மாமா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?’ என்று கேட்டுவிட்டு எடுப்பது முதல் பாடம். வேண்டாம் என்று சொன்னால் கேமராவைக் கீழே இறக்குவது இரண்டாம் பாடம். அடுத்தவர் தறியில் ஏறியிருக்கும் புது டிசைனை எடுக்கக் கூடாது. எடுக்கச் சொன்னாலும் அந்தப் படம் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. ஒரு டிசைன் வெளியே போனால் அவர் உழைப்பு மொத்தமும் போகும் என்பதைத் தறிவீட்டுப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை.

கோயில் என்றால் கைலாசநாதரிலிருந்து தொடங்குங்கள். பிள்ளையார்பாளையத்திலிருந்து நடந்தே போகலாம். எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் எடுப்பித்தது, இப்போது தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. கருவறை தவிர மற்ற இடங்களில் படமெடுக்கலாம். கூட்டம் குறைவு, கிழக்குப் பார்த்த கோயில் என்பதால் காலை வெயில் நேராக உள்ளே விழும், மணற்கல்லின் நிறம் அந்த நேரத்தில் அருமையாக இருக்கும். சுற்றிலும் 58 சிறு சன்னதிகள். தூண்களின் அடியில் எழுந்து நிற்கும் சிங்கங்கள் ஐந்து வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேராக இருக்கும், பிள்ளை அவற்றை விட்டு நகராது. சில சன்னதிகளுக்குள் பல்லவர் கால ஓவியத்தின் மிச்சம் இருக்கிறது. 1931இல் ஆய்வாளர் ழூவோ துப்ராய் கண்டறிந்தவை. அங்கே ஃபிளாஷ் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வைகுந்தப் பெருமாள் கோயிலை நான் தனியாகச் சொல்வேன். அதன் சுற்று மண்டபச் சுவரில் பல்லவ வரலாறு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. வாரிசில்லாமல் அரியணை காலியானபோது காஞ்சியிலிருந்து தூது போய், மூத்த பிள்ளைகள் மறுக்க, நான் வருகிறேன் என்று பன்னிரண்டு வயதில் முன்வந்த பல்லவமல்லன் கதையும் அதில் இருக்கிறது. பின்னாளில் அந்தக் கோயிலைக் கட்டிய இரண்டாம் நந்திவர்மன் அவன்தான். கதையைச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு சிற்பமாக வரிசையாக எடுக்கச் சொல்லுங்கள். ஒரு படத்துக்கு அடுத்து இன்னொரு படம் வந்தால் கதை உண்டாகிறது என்பது யாரும் சொல்லாமலே பிள்ளைக்குப் பிடிபடும்.

வரதராஜர் கோயிலில் பிள்ளைகள் கேட்பது தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும். அங்கே எடுக்க முடியாது என்பதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். நூற்றுக்கால் மண்டபத்துக் கல் சங்கிலியைக் காட்டலாம், கேமராவுக்குத் தனிச் சீட்டு உண்டா என்று நுழைவாயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏகாம்பரநாதர் ராஜகோபுரம் 1509இல் கிருஷ்ணதேவராயர் கட்டியது, 190 அடிக்கு மேல். கிட்டே நின்றால் எந்தச் சிறு கேமராவுக்குள்ளும் அடங்காது. பிள்ளையே தெருவில் பின்னால் பின்னால் நடந்து, அடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்கட்டும். நீங்கள் வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

எத்தனை படம், யாருக்காக

பிள்ளைகளுக்கான கேமரா என்பது புதிய யோசனை இல்லை. 1900இல் கோடாக் நிறுவனம் பிரௌனி என்ற அட்டைப்பெட்டிக் கேமராவை ஒரு டாலருக்கு விற்றபோது பிள்ளைகளை மனதில் வைத்தே விளம்பரம் செய்தது. ஒரு சுருளுக்கு ஆறு படம்தான். அதே காலத்தில் பிரான்சில் லார்டீக் என்ற சிறுவனுக்கு ஏழெட்டு வயதில் அப்பா ஒரு கேமரா வாங்கித் தந்தார். வீட்டார் ஓடுவதும் குதிப்பதும் விழுவதுமாக அவன் எடுத்தவற்றை 1963இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது. அவன் எடுத்ததெல்லாம் தன் வீட்டையும் தன் மனிதர்களையும்தான். நம் நாட்டில் பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் III உங்கள் தாத்தா வீட்டில் இருந்திருக்கலாம். அதில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம்.

அந்தப் பன்னிரண்டை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொள்ளலாம். வாரம் முழுக்கப் பிள்ளை இஷ்டம்போல் எடுக்கட்டும். ஞாயிறு காலை மட்டும் பன்னிரண்டே படம். எண்ணிக்கை தெரிந்தால் அழுத்தும் முன் பிள்ளை ஒரு கணம் நிற்கும், மற்ற நாட்களில் அந்த நிதானத்தை எதிர்பார்க்காதீர்கள். நூறு படத்தில் தொண்ணூறு தரையும் காலுமாக இருந்தால் இருக்கட்டும். தலை வெட்டுப்பட்டது, ஆடிப்போனது என்று நீங்களாக அழிக்காதீர்கள்.

மாதம் ஒருமுறை பிள்ளையோடு உட்கார்ந்து பத்துப் படம் தேர்ந்தெடுத்து, தெருவில் உள்ள ஸ்டூடியோவில் நாலுக்கு ஆறில் பிரிண்ட் போடுங்கள். தேர்ந்தெடுப்பது பிள்ளை. ஏன் இதை எடுத்தாய் என்று கேட்டு, அது சொல்வதை அப்படியே படத்தின் பின்னால் தேதியோடு எழுதி வையுங்கள். படத்தில் இருப்பவருக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை தறியடியில் பிள்ளைக்கு இடம் தானாகக் கிடைக்கும்.

எம். பழனி குமாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மதுரையில் மீன் விற்ற தாயின் மகன். ‘பாரி’ எனும் கிராமப்புற இந்திய மக்கள் ஆவணக் காப்பகத்தின் புகைப்படக் கலைஞர். கையால் மலம் அள்ளும் கொடுமையைப் பற்றிய ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். 2022இல் தயாநிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலில் பெற்றவர். தன் தாயின் உழைப்பைப் படமாக்கியவர், வடசென்னை போன்ற இடங்களில் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்றுத்தருகிறவர். அங்கே பிள்ளைகள் எடுப்பது தங்கள் தெருவையும் தங்கள் மக்களையும். பெற்றோர் செய்யும் வேலை படமெடுக்கத் தகுந்தது என்று ஒரு பிள்ளைக்குத் தெரிவது எவ்வளவு பெரிய காரியம்! நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கும் அது வேண்டும். அவருடைய படங்களைப் பாரியின் இணையதளத்தில் தமிழிலேயே காணலாம், எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள்.

படங்களை ஸ்டேட்டஸிலும் குடும்பக் குழுவிலும் போடும் முன் பிள்ளையைக் கேளுங்கள். மற்றப் பிள்ளைகள் இருக்கும் படத்தையும், குளிக்கிற, உடை மாற்றுகிற படத்தையும் போடவே வேண்டாம். போனில் எடுத்த படமென்றால் எடுத்த இடத்தின் விவரமும் அதற்குள் ஒளிந்திருக்கும், கேமரா செயலியில் அதை அணைத்து வையுங்கள்.

கேமராவைக் கையில் கொடுக்கும் முன் தேதியையும் நேரத்தையும் சரியாக வைத்துவிடுங்கள். பத்து வருஷம் கழித்து எந்தப் பாவு ஓடியபோது எடுத்தது என்று கண்டுபிடிக்க அது ஒன்றுதான் வழி. மாதாமாதம் கார்டிலிருந்து கணினிக்கும் ஒரு பென்டிரைவுக்கும் என இரண்டு இடத்தில் படியெடுங்கள். தறிவீட்டில் பட்டுத் துகள் எங்கும் படியும், லென்ஸ் மூடி திறக்கும் இடுக்கில் சேரும். வாரம் ஒருமுறை ஓவியம் தீட்டும் மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள், வாயால் ஊதாதீர்கள், எச்சில் போகும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லென்சில் பூஞ்சை பிடிக்கும். மருந்துக் குப்பியிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து வைத்து, மூடி இறுக்கமான டப்பாவுக்குள் கேமராவோடு போட்டு வையுங்கள். தேர்வுக் காலத்தில் இரண்டு மூன்று வாரம் எடுக்காமல் விடுவதானால் செல்லைக் கழற்றி வையுங்கள். உள்ளே கசிந்து பச்சை பிடித்துவிட்டால், எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் முனையைத் துடைத்து, நன்றாகக் காயவைத்துப் பிறகு புது செல் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கேமரா மறுபடி ஓடும்.